கைமாறிய கண்ணிகள்

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், தஞ்சோங் மாலிமுக்கும் பீடோருக்கும் இடையே, இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் சிலிம் ரிவர். போர் வரலாறு எழுதியோர் இவ்வூரை மறப்பதில்லை. 1942ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 7ஆம் நாள், பொழுது புலராத வேளையில் துரோலாக் அருகே அரண்களை உடைத்து நுழைந்த சப்பானியக் கவச வண்டிகள், ரப்பர் மரங்களினூடே சென்ற நெடுஞ்சாலை வழியே விரைந்து, காலைப் பொழுதிலேயே சிலிம் ஆற்றுப் பாலத்தைக் கைப்பற்றின. 11ஆம் இந்தியப் படைப்பிரிவு சிதறுண்டது. அடுத்த நான்கு நாள்களில் கோலாலம்பூர் வீழ்ந்தது. க்ளூனித் தோட்டத்தின் பெயர் அன்றுமுதல் படைத்துறை நூல்களில் இடம்பெறலாயிற்று. ஆனால், அத்தகைய தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த பெண்கள் வேலை ஓய்ந்த பிற்பகலில் என்ன செய்தார்கள் என்று கேட்டால், அந்நூல்களில் விடை கிடைக்காது.

விடை வீட்டுக்குள் இருந்தது. 1960களிலும் 1970களிலும் இந்நாட்டுத் தமிழர் இல்லங்களுக்குள் நுழைந்தவர் கண்ணில் முதலில் பட்டது, வானொலிப் பெட்டியின்மீது விரித்திருந்த வெள்ளைப் பின்னல் விரிப்பு. நாற்காலியின் முதுகில் ஒன்று, மேசையின் நடுவில் ஒன்று, பின்னாளில் தொலைக்காட்சிப் பெட்டியின் உச்சியில் ஒன்று. அடுக்களையில் பழைய துணிக்கு ஓரம் பின்னிய கரித்துணி; கழுவிய பாத்திரத்தைத் துடைக்கப் பருத்தி நூலில் பின்னிய சதுரத் துண்டு. பிள்ளை பெற்ற வீட்டில், மிச்சக் கம்பளி நூல்களால் பல நிறச் சதுரங்களாகப் பின்னி ஒன்றிணைத்த சிறு போர்வை. மேலைநாட்டார் இத்தகைய போர்வையை ‘ஆப்கான்’ என்று அழைப்பர். ஆப்கானிய நாட்டின் வண்ணச் சால்வைகளை நினைந்து இட்ட பெயர் அது. நம் தாய்மார்க்கு அந்தப் பெயர் வேண்டியிருக்கவில்லை. ‘பிள்ளைப் போர்வை’ என்றாலே விளங்கிற்று.

இந்தக் கைத்தொழிலுக்குக் ‘குரோஷே’ என்று பெயர். சிறு கொக்கி என்பது அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள். தமிழ்நாட்டில் ‘குரோஷா ஊசி’ என்பர். நூலை வளைத்து ஒரு கண்ணி செய்து, அதனுள் கொக்கியை விட்டு அடுத்த கண்ணியை இழுப்பதே இதன் முழு இரகசியம். நெசவுக்குத் தறி வேண்டும். குரோஷேக்கு வேண்டியவை ஒரு கொக்கி, ஒரு நூற்கண்டு, இரண்டு கைகள். இன்றளவும் இதனை உள்ளபடியே பின்னும் இயந்திரம் தொழிற்சாலைகளுக்கு வரவில்லை. கம்பிப் பின்னல் இயந்திரத்துக்கு எப்போதோ போய்விட்டது. கொக்கிப் பின்னலோ கையை விட்டுப் போகவில்லை. ஆகவே உலகில் எங்கே ஒரு குரோஷே விரிப்பு மலிவாக விற்கப்பட்டாலும், எங்கோ ஒரு கையின் கூலி மலிவாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

பின்னல் மாதிரி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியே இக்கலையின் வரலாற்றுக்கு அச்சாணி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ரியேகோ டி லா பிராஞ்சார்டியேர் என்னும் பெண்மணி மாதிரிகளை எழுத்தாக்கி நூல் நூலாக அச்சிட்டார். அதே காலத்தில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோயுற்றுக் கொடும் பஞ்சம் வந்தது. கன்னிமாடங்களிலும் பள்ளிகளிலும் குரோஷே கற்ற ஏழைப் பெண்கள், பூவும் இலையுமாகப் பின்னி விற்றுக் குடும்பத்துக்கு உணவு தேடினர். அங்கே மாதிரி என்பது அடுப்பில் உலை ஏறுவதற்கு வழி. எனவே சில குடும்பங்கள் தம் பூவின் அமைப்பை அயலாருக்குக் காட்டாமல் மறைத்துப் பின்னின. பசி மிகுந்த இடத்தில் பகிர்தல் அருகியது இயல்பே.

தமிழர் நாட்டில் இதற்கு நெருங்கிய கதை நாகர்கோவிலில் நிகழ்ந்தது. அங்கே பெண்கள் கற்றது கொக்கிப் பின்னல் அன்று. சிறு கட்டைகளில் நூலைச் சுற்றி, திண்டின்மேல் ஊசிகளைக் குத்திப் பின்னும் ரேந்தை. ‘ரேந்தை’ என்ற சொல்லே போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழரும் இதனை அறிவர். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிஷன் தொண்டர் சார்லஸ் மால்ட்டின் துணைவியார் மார்த்தா, 1820களின் தொடக்கத்தில் தம் பள்ளிப் பெண்களுக்கு இதனைக் கற்பித்தார். அவர்தம் மகள் எலைசா 1844இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியிலும் இத்தொழிலைப் பரப்பினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்ததைத் தமிழ் படித்தோர் அனைவரும் அறிவர். அவர் இல்லத்திலிருந்து தமிழ்ப் பெண்களின் கைகளுக்குச் சென்ற ரேந்தையைப் பற்றிப் பாடநூல்கள் பேசுவதில்லை.

ரேந்தை பின்னியவர்கள் யார் என்பது கருதத்தக்கது. அவர்களுள் அடிமைப் பெண்கள் இருந்தனர். தாம் பின்னிய ரேந்தையின் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைக்கு வாங்கிக்கொண்டவர்களும் அவர்களுள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1855இல்தான். அதே நாட்டில், அதே காலத்தில், நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவதற்குத் தடை இருந்தது. தோள்சீலைப் போராட்டம் 1820களில் மூண்டு, 1859ஆம் ஆண்டு அரச ஆணை வரும்வரை ஓயவில்லை. அந்த ஆணையும் உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்த இசையவில்லை; மார்பை மறைக்க மட்டுமே இடம் தந்தது. சீமைத் துரைசானிகளின் கழுத்துக்கும் கைவிளிம்புக்கும் நுண்ணிய அணி பின்னிய மண்ணின் பெண்களுக்கே தம் தோளின்மேல் ஒரு துண்டுத் துணி போட உரிமை இல்லாதிருந்தது. இதனினும் கசப்பான முரண் கைத்தொழில் வரலாற்றில் அரிது.

வடக்கே கோதாவரி ஆற்றின் கழிமுகத்தில் உள்ள நர்சாபூர்ப் பகுதியில், 19ஆம் நூற்றாண்டில் மிஷன் மாதர் வழியாக வந்த கொக்கிப் பின்னல் பெருந்தொழிலாக வளர்ந்தது. செருமானிய ஆய்வாளர் மரியா மீஸ் அப்பெண்களிடையே ஆராய்ந்து 1982இல் நூல் ஒன்று வெளியிட்டார். அவர் கண்டதன் சாரம் இது: பூப் பின்னுபவர் ஒருவர், அவற்றை இணைப்பவர் வேறொருவர், வாங்கி ஏற்றுமதி செய்பவர் மற்றொருவர். நாளெல்லாம் கண் நோகப் பின்னிய பெண்ணின் வருவாய் ஒரு ரூபாய்க்கும் குறைவு. மேலும், அவரை யாரும் தொழிலாளி என்று கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டில் சும்மா இருப்பவர் பொழுதுபோக்காகப் பின்னுகிறார் என்றே கருதினர். ஒரு விரிப்பு முழுமையாக எப்படி உருவாகிறது என்ற அறிவு அவர் கையிலிருந்து வணிகர் கைக்குப் போயிருந்தது. 2024இல் நர்சாபூர்ப் பின்னலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்கு அது காவல். பின்னும் கைகளின் கூலி தனிக் கணக்கு.

மலாயாவில் இக்கலை வேறு வழியில் வேர் பிடித்தது. இங்கே அது சந்தைக்கு மிகுதியாகப் போகவில்லை. கன்னிமாடப் பள்ளிகளில் தையல் வகுப்பு இருந்தது. தமிழ்ப்பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கும் ஊசிவேலை கற்பிக்கப்பட்டது. கைத்தொழிலைக் கல்வியின் ஓர் உறுப்பாகக் கொள்ளும் எண்ணம் சிலிம் ரிவருக்கு அண்மையிலேயே வலுப்பெற்றிருந்தது. 1922இல் தஞ்சோங் மாலிமில் திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில் மலாய் ஆசிரியர்கள் கூடை முடையவும் கற்றுக்கொண்டனர். 2016இல் சிலிம் ரிவரையும் தஞ்சோங் மாலிமையும் சேர்த்து அமைத்த புதிய மாவட்டத்துக்கு ‘முவாலிம்’ என்று பெயரிட்டனர். ஆசிரியர் என்பது அதன் பொருள். ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இதனால் ஒரு சிறு பெருமிதம் தோன்றினால் அது குற்றமன்று.

சப்பானியர் ஆட்சியில் துணிப் பஞ்சம் தலைவிரித்தாடியது. சாக்கை வெட்டி உடுத்தும் நிலை வந்தது. தோட்டத்து ஆண்களில் பல்லாயிரவரைச் சயாம் மரண இரயில் பாதைக்கு ஓட்டிச் சென்றனர், பெருந்தொகையினர் திரும்பவில்லை. பின்னர் அவசரகாலம் வந்தது. 1952இல் உயர் ஆணையர் டெம்ப்ளரின் துணைவியார் முன்னின்று மாதர் சங்க இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். சமையல், தையல், பின்னல், பிள்ளை வளர்ப்பு முதலியவை அச்சங்கங்களில் கற்பிக்கப்பட்டன. மக்களை அரசின் பக்கம் ஈர்க்கும் நோக்கமும் அதில் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் கற்றவர்க்குக் கலை மிஞ்சிற்று.

கற்ற கலை பரவிய விதம் முற்றிலும் தமிழ் மரபுக்கு உரியது. பெண்கள் கோல நோட்டு வைத்திருப்பது நம் வழக்கம். மார்கழிக்கு முன் அது வீடு வீடாகப் போய் வரும். புள்ளிக் கணக்கு எழுதிக்கொண்டு திருப்பித் தருவர். பின்னல் மாதிரியும் அதே தடத்தில் சென்றது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, பால் எடுத்து நிறுத்துவிட்டு வந்த பெண்ணுக்குக் கிடைத்தது பிற்பகலின் சிறு பொழுது. லயத்து அஞ்சடியில் அமர்ந்தபடி, “அக்கா, இந்தப் பூவுக்கு எத்தனை கண்ணி?” என்று கேட்டுப் பின்னினர். ஆங்கிலம் அறியாதவர் விரிப்பைக் கையில் வாங்கி, நடுவிலிருந்து வெளிநோக்கி விரலால் எண்ணி மனத்தில் பதித்துக்கொண்டனர். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் புள்ளி வைத்துக் குறித்தவர்களும் உண்டு. எல்லாரும் தாராளமாகக் கொடுத்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒரு சுற்றை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுத்து, அயல்வீட்டு விரிப்பு சுருங்கி மேலெழும்புவதைக் கண்டு உள்ளூர நகைத்தவர்களும் எந்த ஊரிலும் இருப்பர்!

நூலைப் பார்த்துப் பின்னியவர்க்கு வேறொரு தொல்லை இருந்தது. பிரிட்டனில் ‘டபுள்’ எனப்படும் குட்டைக் கண்ணி அமெரிக்காவில் ‘சிங்கிள்’; அமெரிக்கரின் ‘டபுள்’ அதனினும் உயரமானது. பிரித்தானிய முறையில் பயின்ற மலாயாப் பெண் அமெரிக்க ஏட்டைப் பார்த்துப் பின்னினால், விரிந்து வரவேண்டிய துணி குறுகிப் போகும். வாயால் சொல்லி விரலால் காட்டியவர்க்கு இந்தக் குழப்பம் நேரவில்லை. எழுத்தறிவே எல்லாவற்றுக்கும் மேல் என்று எண்ணும் கல்வியாளர் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால், எழுதாத அறிவுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. அது அண்டை வீடு இருக்கும்வரைதான் வாழும். 1950களின் பிற்பகுதியிலிருந்து பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன; அதனைத் தாங்கிக்கொள்ளவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் ரப்பர் நின்ற நிலங்களில் எண்ணெய்ப் பனை வந்தது. லயங்கள் காலியாயின. குடும்பங்கள் சிற்றூர்களின் தாமான்களுக்கும் கோலாலம்பூர்ப் புறநகர்களுக்கும் பிரிந்து சென்றன. ஓர் அஞ்சடியில் அமர்ந்து எண்ணிய நால்வர் நான்கு ஊர்களில் வாழ நேர்ந்தது. தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றினார்கள். பக்கத்து வீட்டு அக்காவை ஏற்ற முடியவில்லை.

பிரிந்த கைகள் மீண்டும் ஒன்றுசேர்ந்த நிகழ்ச்சி ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. 2016ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள், சென்னையில், ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்’ என்னும் பெண்கள் குழு உலகின் மிகப் பெரிய குரோஷே போர்வையை விரித்துக் காட்டியது. அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். கின்னஸ் ஏட்டில் அது பதிவாயிற்று. இந்தியாவிலும் அயல்நாடுகளிலும் இருந்த பெண்கள் அவரவர் வீட்டில் சதுரங்களாகப் பின்னி அனுப்பியவற்றை இணைத்து உருவாக்கியது அப்போர்வை. விழா முடிந்தபின் அதனைப் பிரித்து, குளிருக்குப் போர்வை இல்லாதவர்களுக்குப் பகிர்ந்தளித்தனர். நர்சாபூரிலும் பூக்கள் தனித்தனியே பின்னப்பட்டுப் பின்னர் இணைக்கப்பட்டவையே, சென்னையிலும் அவ்வாறே. வேறுபாடு, முழுப் போர்வை எது, அது யாருக்குப் போகிறது என்பதைப் பின்னியவர்களே அறிந்திருந்ததுதான்.

சிலிம் ரிவர் வீடுகளில் இப்போது தட்டைத் தொலைக்காட்சிகள் சுவரில் தொங்குகின்றன. அவற்றின் உச்சியில் விரிப்பு விரிக்க இடமில்லை. பழைய விரிப்புகள் மடிக்கப்பட்டு, பாச்சை உருண்டை மணக்கும் இரும்புப் பெட்டிகளில் கல்யாணச் சேலைகளுக்கு அடியில் கிடக்கின்றன. பின்னியவர் மறைந்துவிட்ட வீட்டில் அந்த மாதிரியைக் கற்க விரும்பும் பேத்திக்கு வழி இரண்டு. கடைசி முடிச்சை அவிழ்த்து நூலை உருவினால் ஒவ்வொரு சுற்றும் எப்படிப் போனது என்பது தெளிவாகத் தெரியும், துணி மிஞ்சாது. மற்றொரு வழி, விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு, நடுவிலிருந்து வெளிநோக்கி, விரலால் எண்ணுவது.