கீரிமலைக் கேணியும் காங்கேசன்துறைக் கல்லும்

ஈழத்து நீரூற்றுக்களை எடுத்து நோக்குவோர் கீரிமலையையும் கன்னியாவையும் ஒருங்கே வைத்துப் பேசுவதுண்டு. அது பொருந்தாது. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கன்னியாவின் ஏழு கிணறுகளும் வெந்நீர் தருவன. நிலத்தினுள் ஆழச் சென்ற நீர் சூடேறி மீள்கின்றதேயன்றி அங்கு எரிமலை எதுவுமில்லை. காங்கேசன்துறைக்கு மேற்கேயுள்ள கீரிமலை நீரோ குளிர்ந்தது; கடலலை தொடுமிடத்தில் நன்னீராய்ச் சுரப்பது.

இவ்வியப்புக்குக் காரணம் கல்லே. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. மாரிமழை மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களினூடே இறங்கி, கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து, நிலக்கீழ் வழிகளால் ஓடிக் கடலோரத்தில் வெளிப்படுகின்றது. முன்னோர் இதனை வேறு வகையிற் கூறினர். கீரிமுகங்கொண்ட நகுலமுனிவரும், குதிரைமுகங்கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் இங்கு நீராடி நல்லுருப் பெற்றனர் என்பது ஐதிகம். இளவரசி எடுப்பித்த மாவிட்டபுரம் கோயிலுக்கெனக் காங்கேயன் திருவுருவம் வந்திறங்கியமையாலேயே துறை இப்பெயர் பெற்றது என்பர். இவற்றை வரலாறாகக் கொள்ளல் இயலாது. எனினும், பிணியுற்றோர் தொலைவிலிருந்து இந்நீரை நாடி வந்த வழக்கம் இக்கதைகளுள் ஒளிந்து கிடக்கின்றது எனலாம்.

ஆடி அமாவாசைக்குக் கூடாரவண்டில் கட்டிக் குடும்பமாகப் புறப்படுவோருக்கு வண்டிலே வீடு. அரிசியும் சட்டிபானையும் அதனுள்ளேயே வரும். 1905இல் புகையிரதம் காங்கேசன்துறையை எட்டியதும் பயணம் சுருங்கிற்று. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது.

இதனிடையே, 1950இல் காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. பலருக்கு வேலை கிடைத்தது. அதனைச் சிறிதென்று தள்ளுதல் நேர்மையாகாது. ஆயினும், அது உண்ட கல் எது? மழையை வாங்கி வைத்துக் கிணற்றுக்கும் கேணிக்கும் அளிக்கும் அதே சுண்ணாம்புக்கல்! வெட்டிய கல் மீள வளராது. நாட்டின் கட்டடங்களுக்குச் சீமெந்து தந்த மண்ணில் நீரின் கணக்கை அன்று எவர் பார்த்தனர்?

1990இற் போர் அக்கேள்வியையும் விழுங்கியது. ஆலை நின்றது, புகையிரதம் நின்றது, ஊரவர் இடம்பெயர்ந்தனர், பிரதேசம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. புகையிரதம் காங்கேசன்துறைக்கு மீண்டது 2015இலேயாம். காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. திரும்பியவர்களுட் சிலர் தம் வளவின் எல்லையை அடையாளங் கண்டது பழைய கிணற்றைக் கொண்டுதான்.