எண்சுவடிக் கல்வி (தஞ்சை வட்டாரம்)

எண்சுவடிக் கல்வி என்பது காவிரிப் படுகையின் திண்ணைப் பள்ளிகளில் 19ஆம் நூற்றாண்டிலும் பரவலாக இருந்த கணக்குப் பயிற்சி. வயதை வைத்து வகுப்புப் பிரிக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஒரு சுவடி கைவந்த பிள்ளைதான் அடுத்த சுவடியைத் தொடுவான். இன்று முழுத்தேர்ச்சி முறை எனப்படும் கற்பித்தலின் முதல் விதியும் இதுவே.

மணலில் விரலால் எழுதிப் பழகியபின் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று ஆகியவை கற்பிக்கப்பட்டன. நெல்லிலக்கம் முகத்தலளவைக்கு உரியது: 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். குழிமாற்று நில அளவைக்கானது. பக்கத்துக்கு 12 கோல் உள்ள சதுர வயல் 144 குழி. 100 குழி ஒரு மா ஆதலால், அது ஒரு மாவும் 44 குழியும். 20 மா ஒரு வேலி. மா என்பதே இருபதில் ஒன்றைக் குறிக்கும் பின்னப்பெயரும்கூட. ஆகவே, இங்கே பின்னம் பிள்ளைகளுக்கு வரப்போரத்துச் சங்கதி. இவ்வகைக் கணக்குகளைச் செய்யுளில் தொகுத்த கொறுக்கையூர்க் காரிநாயனாரின் கணக்கதிகாரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்துள்ளது.

1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ கேட்டு வாங்கிய கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 உள்நாட்டுப் பள்ளிகள் இருந்தன. உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர் தாம் படித்த திண்ணைப் பள்ளியை ‘என் சரித்திரம்’ நூலில் விவரித்திருக்கிறார். இந்தக் கல்வியைப் பொற்காலமாக்கிப் பேசுவது தவறு. தலித் பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் பெரும்பாலும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். பிரம்படியும் கடுமையாக இருந்தது. மனப்பாடமே தேர்ச்சிக்கு அளவுகோல். ஏன் அப்படி வருகிறது என்ற கேள்விக்கு அங்கே அதிக இடமில்லை.

அந்தக் குறையைத்தான் பிற்காலத்து முறைகள் நிரப்ப முயன்றன. அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1968இல் வகுத்த முறையில், ஒவ்வொரு அலகுக்குப் பின்னும் சிறு சோதனை வைத்து, தடுமாறும் பிள்ளைக்கு வேறு வழியில் மறுபடி கற்பிக்க வேண்டும். சிங்கப்பூர் தொடக்கப்பள்ளிகள் முதலில் கையில் பொருள், பிறகு படம், கடைசியில் எண் என்ற வரிசையைக் கடைப்பிடிக்கின்றன.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடியதால் விழுந்த இடைவெளியை ஈடுகட்ட, தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. இதில் பிள்ளைகள் வகுப்பைப் பார்த்து அல்லாமல் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்பட்டார்கள். முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கும், அடுத்த கல்வியாண்டில் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் இது வந்தது. கூட்டலில் தடுமாறும் பிள்ளையைப் பெருக்கலுக்கு இழுத்துச் செல்லாதது இதன் சரியான அம்சம். ஆனால் மலர் நிலைக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு ஆழமான கணக்குகள் தராவிட்டால் பாதி வேலைதான் முடிந்ததாகும்.

நெல் அளக்கும் படியும் மரக்காலும் டெல்டா வீடுகள் சிலவற்றில் இன்னும் இருக்கின்றன. பின்னப் பாடம் தொடங்கும் நாளில் அவற்றையும் கொஞ்சம் நெல்லையும் ஆசிரியர்கள் வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும். பிள்ளைகளே அளந்து பார்க்கட்டும்.