விளாவுற கையும் கீசர் குமிழும்: சுடுதண்ணியின் சின்ன வரலாறு

1/ தமிழ்ல 'விளாவுதல்'னு ஒரு சொல் இருக்கு. கொதிச்ச தண்ணியில பச்சைத்தண்ணி கலந்து, உடம்பு தாங்குற சூட்டுக்குக் கொண்டுவர்றது. அரக்கோணத்துல மார்கழிப் பனியிலயும் கத்திரி வெயில்லயும் அந்த அளவைப் பார்த்தது கைதான். அந்த வேலை கையை விட்டுப் போன கதை இது 👇

2/ முன்னெல்லாம் தோட்டத்துல விறகடுப்பு, மேல தவலை. அப்புறம் கரி போடுற பாய்லர். தண்ணி தளதளன்னு கொதிக்கும். ஆனா நேரா உடம்புக்கு வராது. நடுவுல ஒரு வாளியும், விளாவிப் பார்க்க ஒரு பெரியவங்க கையும் இருக்கும்.

3/ 1868-ல லண்டன்ல பெஞ்சமின் மாகன் எரிவாயு கீசரை உருவாக்கினார். பேரு ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றுல இருந்து வந்தது. 1889-ல அமெரிக்காவுல எட்வின் ரூட் தானியங்கி ஹீட்டரைக் கொண்டுவந்தார். குழாயைத் திறந்தாலே சுடுதண்ணி. வாளியும் போச்சு, கையும் போச்சு.

4/ எவ்வளவு சூடு ஆபத்து? 1947-ல மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் ரெண்டு பேரும் இதை அளந்து எழுதினாங்க. 49 டிகிரி தண்ணியில தோல் ஆழமா வேக பல நிமிஷம் ஆகும். 60 டிகிரியில சுமார் 5 நொடி போதும்! இது பெரியவங்க கணக்கு. குழந்தைங்க தோல் மெலிசு, இன்னும் சீக்கிரம் வேகும்.

5/ அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1983-ல சட்டம் போட்டுச்சு: வீட்டு ஹீட்டரை 49 டிகிரியில வெச்சுதான் விக்கணும். குழாய்த் தண்ணியில வெந்து ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க குறைஞ்சாங்க.

6/ சரி, ரொம்பக் குறைச்சா? 1976-ல பிலடெல்பியாவுல பரவின நிமோனியாவுக்குக் காரணம் லீஜியோனெல்லா கிருமின்னு அடுத்த வருஷம் தெரிஞ்சது. வெதுவெதுப்பான தேங்கின தண்ணியில வளரும், 60 டிகிரியில சாகும். அதனால தொட்டியில 60-ல வெச்சு, குழாய்க்கு வரும்போது பச்சைத்தண்ணி கலக்குற வால்வு வைக்கிறாங்க. அதாவது, விளாவுறது!

7/ நம்ம ஊர் சிக்கல் வேற. மார்கழியில பச்சைத்தண்ணி ஜில்லுனு இருக்கும், விளாவிடலாம். சித்திரையில மொட்டைமாடி டேங்க் தண்ணியே சுடும். எதை வெச்சு விளாவுறது? குமிழ் மட்டும் மார்கழி அளவுலயே நிக்குது. பங்குனி பொறந்ததும் 50-க்குக் கீழ குறைங்க, தேவையில்லன்னா அணைச்சிடுங்க. மழைக்காலத்துல திரும்பப் போடும்போது முதல்ல 60 வரைக்கும் சுடவெச்சு, பழைய தண்ணியை வெளிய விட்டுடுங்க.

8/ வாளியில முதல்ல பச்சைத்தண்ணி, அப்புறம்தான் சுடுதண்ணி. குழந்தையைக் குளிப்பாட்டும் முன்னாடி முழங்கையை விட்டுப் பாருங்க. சர்க்கரையால கால் மரத்துப்போனவங்க காலை விட்டுச் சூடு பார்க்காதீங்க.

9/ சுட்டுடுச்சா? 20 நிமிஷம் குளிர்ந்த தண்ணி ஊத்துங்க. டேங்க் தண்ணி சுட்டா குடத்துத் தண்ணி எடுங்க. பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேணாம். நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. 🙏