மெட்ராஸ் டெரஸ்

மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கட்டை, செங்கல், சுண்ணாம்புக் காரை, தட்டோடு ஆகியவற்றை அடுக்கடுக்காக அமைத்துக் கட்டும் தட்டையான வீட்டுக்கூரை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சென்னையில் பரவலாகி, புதுச்சேரியிலும் தென்னிந்தியாவின் பிற நகரங்களிலும் வேரூன்றியது. பெருமழை, கடற்காற்று, புழுக்கம் மூன்றையும் தாங்க வேண்டிய கரையோர வீடுகளுக்கு, கான்கிரீட் வரும்வரை இதுவே நம்பகமான மாடித்தளம். இதன் மேலடுக்கு இன்றைய கான்கிரீட் வீடுகளின் மொட்டைமாடியிலும் தொடர்கிறது.

தோற்றம்

தமிழகக் கரையோரத்தில் பெரும்பாலான வீடுகள் பனையோலை, தென்னங்கீற்று, நாட்டு ஓடு வேய்ந்த சரிவுக் கூரைகளைக் கொண்டிருந்தன. மழைநீர் சரிவில் விரைந்து வழிந்துவிடும். ஆனால் கீற்று தீப்பிடிக்கும். புயற்காற்று அடியில் புகுந்தால் கீற்றும் ஓடும் பறந்துவிடும். 1639இல் ஆங்கிலேயக் குடியேற்றம் தொடங்கிய பிறகு சென்னையில் பெருகிய மாடிவீடுகளும் கிடங்குகளும் கனத்த, தட்டையான தளத்தை நாடின. கடற்கரையில் கிளிஞ்சல் ஏராளம். அதைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு இங்குள்ள கொத்தனார்களுக்குக் கைவந்த பொருள். பளிங்கைப் போல மின்னிய சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு, 1780இல் இங்கு வந்திறங்கிய ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ் உள்ளிட்ட பயணிகளைக் கவர்ந்தது. அதே சுண்ணாம்புத் திறன்தான் கூரையிலும் பயன்பட்டது.

கட்டும் முறை

சுவருக்குச் சுவர் உத்திரம் வைத்து, அதன்மேல் ஒன்று முதல் ஒன்றரை அடி இடைவெளியில் தேக்குக் கட்டைகளை அடுக்குவார்கள். கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டில், சுண்ணாம்புக் காரை தடவி ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகப் பதிப்பார்கள். மூலையில் தொடங்கும் முதல் வரிசையை அடுத்த வரிசை பற்றிக்கொண்டு வளர்வதால் கீழே பலகை அடித்து முட்டுக் கொடுக்கத் தேவையில்லை.

காரை இறுகியதும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் சுமார் 3 முதல் 4 அங்குலக் கனத்தில் போடப்படும். இதன் உயிர் இடிப்பில் இருக்கிறது. சித்தாள்கள், பெரும்பாலும் பெண்கள், வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தளத்தைத் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை இடையிடையே தெளிப்பார்கள். கட்டையின் தடம் பதியாத அளவுக்குத் தளம் கெட்டிப்பட்ட பிறகே வேலை முடியும். அதன்மேல் தட்டோடு பதித்து இணைப்புகளைக் காரையால் அடைத்துப் பூசுவார்கள். இந்தத் தளங்களின் நீடித்த உழைப்புக்குப் பெயர் தெரியாத அந்தப் பெண்களின் கைகளே முதற்காரணம். கட்டட வரலாறு அவர்களுக்கு உரிய இடத்தைத் தந்தாக வேண்டும்.

மழையையும் ஓதத்தையும் தடுக்கும் விதம்

முதல் காப்பு வாட்டம். பொதுவாக 48 முதல் 60 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் சரிவு கொடுத்து, கைப்பிடிச்சுவரின் அடியில் உள்ள தூம்புகளுக்கு நீரைத் திருப்புவார்கள். தளமும் கைப்பிடிச்சுவரும் சேரும் மூலையில் நீர் இறங்காதபடி காரையை வளைத்துப் பூசுவார்கள்.

இரண்டாவது காப்பு சுண்ணாம்பின் இயல்பு. இடிப்பு, ஜல்லிக்கிடையே உள்ள துளைகளை அடைக்கிறது. வெல்லம் காரையைக் குழைவாக்கி, இறுகுவதைத் தாமதப்படுத்தி, இடிக்க நேரம் தருகிறது. மயிரிழை வெடிப்பு விழுந்தால், உட்செல்லும் நீர் சிறிது சுண்ணாம்பைக் கரைத்து அங்கேயே மீண்டும் படியவைத்து வெடிப்பை மூடிவிடுவதும் உண்டு. உட்புகுந்த ஈரம் ஆவியாக வெளியேறவும் சுண்ணாம்பு வழிவிடுவதால் ஓதம் தேங்குவதில்லை.

மூன்றாவது காப்பு, புயற்காற்றைத் தாங்கும் எடை. 2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயலில் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளின் ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் பெருஞ்சேதம் அடைந்தன. கூரையைத் தூக்கி எறியும் காற்றின் இழுவிசைக்குக் கனத்த தளம் எளிதில் அசையாது.

குறைகள்

சுவருக்குள் புதைந்த தேக்குக் கட்டையின் நுனி ஓதத்தால் உளுத்துப்போகலாம், கரையானும் அரிக்கும். பறவை எச்சத்தில் முளைக்கும் ஆல், அரசு கன்றுகளின் வேர் தளத்தைப் பிளக்கும். தூம்பில் சருகு அடைத்தால் நீர் தேங்கி மேலடுக்கு கெடும். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியிலேயே தூம்பைத் துப்புரவாக்கி, கன்றுகளை வேரோடு பிடுங்கி, வெடிப்புகளைப் பூசிவிடுவது இன்றியமையாதது.

சிமெண்டின் வருகை

1904இல் சென்னை வண்ணாரப்பேட்டையில் சிமெண்டு ஆலை தொடங்கப்பட்டது. அதற்கும் கிளிஞ்சலே மூலப்பொருள். 20ஆம் நூற்றாண்டில் கம்பி கட்டிய கான்கிரீட் பரவியதும், விலையேறிய தேக்கும் பல நாள் இடிப்பும் கைவிடப்பட்டன. ஆயினும் கான்கிரீட் வெயிலில் விரிந்து மழையில் சுருங்கி வெடிக்கும். வெடிப்பில் இறங்கும் ஈரமும் உப்புக்காற்றும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்க, துரு பருத்துக் காரையைப் பெயர்க்கும். அதைத் தடுக்கக் கான்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் பதிக்கும் வழக்கம் நிலைத்தது. இது வெயிலின் சூட்டையும் குறைக்கிறது. கொத்தனார்கள் இதைச் ‘சுருக்கி போடுதல்’ என்பர். மெட்ராஸ் டெரஸுக்கு ஐ.எஸ். 2119, சுண்ணாம்புக் கான்கிரீட் தளத்துக்கு ஐ.எஸ். 3036 என இந்தியத் தர விதிகள் உள்ளன. ஐ.எஸ். 3036 நாள்கணக்கான இடிப்பையும் வலியுறுத்துகிறது.

இன்றைய நிலை

2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபின், மொட்டைமாடியின் வாட்டமும் தூய்மையும் குடிநீரோடும் தொடர்புடையவையாயின. 1768இல் கட்டப்பட்ட சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மகால் 2012 ஜனவரியில் தீக்கிரையானது. பொதுப்பணித்துறை அதையும், பின்னர் அருகிலுள்ள ஹுமாயூன் மகாலையும் சீரமைத்தபோது கடுக்காயும் வெல்லமும் சேர்ந்த சுண்ணாம்பு வேலை மீண்டும் நடைபெற்றது. புதுச்சேரியின் பழைய வீடுகளைச் சீரமைக்கவும் இக்கலை அறிந்த கொத்தனார்கள் தேவைப்படுகிறார்கள்.

கூரை ஒழுகினால் ரசாயனப் பூச்சை மட்டும் நம்புவது இன்று பெருகிவிட்டது. வாட்டம் தவறிய தளத்தில் நீர் தேங்கிக்கொண்டே இருக்கும். பூச்சு அதைச் சரிசெய்யாது. பூச்சுக்கு முன் நீரின் வழியைச் சரிபார்க்க வேண்டும் என்ற இந்தத் தளத்தின் பாடம், புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் பொருந்தும்.