துலா மிதித்தவரின் கணக்கு

இணுவில் பக்கத்துப் பழைய காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். நிலத்தின் பரப்போடு கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். ஆறில்லாத குடாநாட்டில் தண்ணீரும் சொத்துத்தான்.

துலாக் காலத்தில் தண்ணீரை அளக்கக் கருவி தேவைப்படவில்லை. ஒருவர் துலாவில் ஏறி மிதிப்பார், ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்றுவார், இன்னொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டுவார். எவ்வளவு இறைத்தோம் என்பது மிதித்தவரின் காலுக்குத் தெரியும். வாய்க்கால் உடைத்துக்கொண்டால் முதலில் சத்தம் போடுபவரும் அவர்தான்! விழுந்து கைகால் முறிந்தவர்களும் உண்டு, அந்தக் காலம் திரும்பவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை.

பிறகு மண்ணெண்ணெய் இயந்திரங்கள் வந்தன. 1970களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்த, விலை ஏறியது, இறைப்பும் கூடியது. காலுக்குத் தெரிந்த கணக்கு இயந்திரத்துக்குத் தெரியாது. 1990களின் பொருளாதாரத் தடையில் எண்ணெய் கிடைக்காமல் போனபோதுதான் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது.

ஒரு பரப்பு என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஒரு அங்குலத் தண்ணீர் கட்ட 6,400 லீற்றர் அளவு வேண்டும். குழாய் வாயில் 200 லீற்றர் பரல் நிரம்ப 40 செக்கன் எடுத்தால், செக்கனுக்கு 5 லீற்றர். அப்படியானால் 21 நிமிடத்தில் வேலை முடியவேண்டும். 35 நிமிடம் ஓடினால் 10,500 லீற்றர். மிச்சம் 4,100 எங்கே?

எங்கள் செம்மண் தண்ணீரை வேகமாகக் குடிக்கும். மண் வாய்க்காலில் பாதி வழியிலேயே இறங்கிவிடும், பாத்தியில் கூடியது வேருக்குக் கீழே போகும். அடியில் சுண்ணாம்புக்கல். ஆகவே அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி திரும்ப எங்கள் கிணறுகளுக்கே வரும். “அப்ப நட்டம் இல்லையே” என்பீர்கள். எண்ணெய்க் காசு நட்டம். அதைவிடப் பெரியது, அது போகும்போது உரத்தையும் கரைத்துக்கொண்டு போகிறது. 1980களிலேயே வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியதை ஆய்வுகள் காட்டின. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவுவது குறையும்.

சீமெந்து வாய்க்கால் கட்டினால் வழியில் போவது நிற்கும். பாத்தியில் கூடுவதை நிறுத்த, நேரத்துக்கு இயந்திரத்தை நிறுத்த ஆள் வேண்டும்.

தோட்டக்காரர்கள் ஒருநாள் பரலை வைத்துப் பாருங்கள். எத்தனை செக்கன், எத்தனை பரப்பு, எத்தனை நிமிடம் என்று கீழே எழுதுங்கள். கணக்கை நாங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து போட்டுத் தருகிறோம்.