மதுவால் நேரும் புரத மாற்றங்கள்

மதுவிலுள்ள எத்தனால் கல்லீரலில் சிதையும்போது உண்டாகும் பொருள்கள் அங்குள்ள புரதங்களைத் தாக்கி, அவற்றின் அமைப்பையும் பணியையும் மாற்றுகின்றன. கொழுப்புக் கல்லீரல், கல்லீரல் அழற்சி, சிரோசிஸ் ஆகிய நோய்கள் முற்றுவதில் இம்மாற்றங்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

வரலாறு

பிரித்தானிய மருத்துவர் மாத்யூ பெய்லி 1793-இல் குடிப்பழக்கத்தையும் கல்லீரல் இறுகுவதையும் தொடர்புபடுத்தினார். அந்நோய்க்குச் சிரோசிஸ் என்ற பெயரை 1819-இல் சூட்டியவர் பிரான்சின் லேன்னெக். பாஸ்டன் நோயியலாளர் ஃபிராங்க் மாலரி, குடிகாரர்களின் கல்லீரல் உயிரணுக்களில் கண்ணாடி போன்ற திரள்களைக் கண்டு 1911-இல் விவரித்தார். கெரட்டின் 8, 18 புரதங்கள் யுபிக்விட்டின் என்ற சிறுபுரதத்தோடு சேர்ந்து திரண்டவையே அவை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. கல்லீரலைக் கெடுப்பது மதுவன்று, ஊட்டக்குறைவே என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 1970-களில் நியூயார்க்கின் சார்லஸ் லீபர் குழுவினர் பபூன் குரங்குகளுக்குச் சத்துணவோடு மதுவும் கொடுத்தபோது சிரோசிஸ் தோன்றியது. மதுவே நஞ்சு என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது.

நிகழும் முறை

ஆல்ககால் டிஹைட்ரஜனேஸ் நொதி எத்தனாலை அசிட்டால்டிகைடாக்குகிறது. மிகுதியாகக் குடிப்போரிடம் சைட்டோகுரோம் பி450 2இ1 நொதியும் பெருகி இவ்வேலையில் சேர்ந்துகொள்கிறது. அசிட்டால்டிகைடு, புரதங்களின் லைசின் அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொள்கிறது. டியூபுலின் என்ற புரதத்தில் ஒட்டினால், அதனாலான உயிரணுவின் நுண்குழல்கள் சரிவர உருவாவதில்லை. இதனால், அவற்றின் வழியே வெளியே செல்ல வேண்டிய ஆல்புமினும் கொழுப்புப்புரதங்களும் உள்ளேயே தேங்க, கல்லீரல் வீங்குகிறது. ஒட்டுண்ட புரதத்தை உடல் அயற்பொருளாகக் கருதி எதிர்ப்பொருள்களை உருவாக்குவதால் அழற்சியும் வலுக்கிறது.

எத்தனால் சிதையும்போது என்ஏடி என்ற துணைநொதி குறைவதால், புரதங்களிலிருந்து அசிட்டைல் தொகுதிகளை நீக்கும் சர்ட்டுயின் நொதிகள் சோர்வடைகின்றன. இதனால் மைட்டோகாண்டிரியாவில் கொழுப்பை எரிக்கும் நொதிகள் மந்தமாகி, கொழுப்பு சேர்கிறது. பழுதான புரதங்களை அகற்றும் புரோட்டியசோமும் வலுவிழக்கிறது.

நோயறிதல்

இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின், தொடர்ந்து மிகுதியாகக் குடிப்போரிடம் சியாலிக் அமிலம் குறைந்து காணப்படும். சுவீடனின் ஹெலேனா ஸ்டிப்ளர் 1970-களில் கண்டறிந்த இம்மாற்றம், நீடித்த மிகைக்குடியை அறியும் இரத்தப் பரிசோதனையாயிற்று.

மருத்துவம்

இம்மாற்றங்களை நேரடியாகத் தடுக்கும் மருந்து நடைமுறையில் இல்லை. கொழுப்புக் கல்லீரல் நிலையிலேயே குடியை அடியோடு விட்டால் கல்லீரல் பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடும். சிரோசிஸ் முற்றியபின் அவ்வாறு மீள்வது அரிது.