விளையாட்டரங்கம் எங்கே அமைய வேண்டும்? கடைசி ரயிலைப் பிடிப்பவரின் கணக்கு

இரவு 9 மணிக்குத் தொடங்கும் காற்பந்து ஆட்டம் 11 மணி வாக்கில் முடிகிறது. அடுத்த அரை மணி நேரத்துக்குள் பல்லாயிரம் பேர் ஒரே சமயத்தில் வெளியே வருகிறார்கள். சொந்த வாகனம் உள்ளவர் தாமதமானாலும் வீடு போய்ச் சேர்வார். சிரம்பானிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ வந்த இளைஞருக்கு அப்படியில்லை. கடைசி ரயில் போய்விட்டால் விடியும்வரை அவருக்குப் போக்கிடம் கிடையாது.

அதனால்தான் ஒரு விளையாட்டரங்கத்தை எங்கே கட்டுவது என்ற கேள்வி கட்டடக் கலைஞர்களோடு முடிந்துவிடுவதில்லை. யார் ஆட்டம் பார்க்க வர முடியும், யார் வீட்டில் தொலைக்காட்சி முன் உட்கார வேண்டியிருக்கும் என்பதை அரங்கம் அமையும் இடமே தீர்மானிக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடந்த சுமார் 70 ஆண்டுகளில் கட்டப்பட்ட அரங்கங்கள் இதற்கு நல்ல பாடங்களாக உள்ளன.

நகர நடுவில் மெர்டேக்கா அரங்கம்

1957 ஆகஸ்ட் 31ஆம் நாள் நாட்டின் சுதந்திரம் பிரகடனம் செய்யப்பட்ட மெர்டேக்கா அரங்கம், கோலாலம்பூரின் நடுவே, முன்பு கோரனேஷன் பார்க் என்று அழைக்கப்பட்ட திடலில் எழுந்தது. நகரத்தின் கடைத்தெருக்களிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். பின்னர் 1976இல் புடுராயா பேருந்து நிலையமும் அருகிலேயே வந்தது. வெளியூர் ரசிகர்கள் பேருந்தில் இறங்கி, சாப்பிட்டுவிட்டு, நடந்தே அரங்கத்துக்குப் போனார்கள்.

1980இல் மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் தென்கொரியாவை 2-1 என்ற கோல் கணக்கில் மலேசியா வென்றது இந்த அரங்கத்தில்தான். ‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகம் கோல் காவலராக விளங்கிய காலம் அது.

இன்று அந்த அரங்கத்தைச் சுற்றிலும் ரயில் நிலையங்கள் உள்ளன. ஹங் துவாவில் எல்.ஆர்.டி.யும் மோனோரெயிலும் நிற்கின்றன. 2017இல் திறக்கப்பட்ட மெர்டேக்கா எம்.ஆர்.டி. நிலையம், பிளாசா ராக்யாட் எல்.ஆர்.டி. நிலையத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. ஆனால் தேசிய அணியின் பெரிய ஆட்டங்கள் 1998க்குப் பிறகு புக்கிட் ஜாலிலுக்கு இடம் மாறிவிட்டன. அரங்கம் கூட்டத்தால் நிரம்பிய காலத்தில் அங்கே ரயில் வசதி குறைவு. ரயில்கள் வந்து சேர்ந்தபோது கூட்டம் வேறிடம் போய்விட்டது.

தோட்டத்தில் எழுந்த புக்கிட் ஜாலில்

1998 செப்டம்பரில் நடந்த காமன்வெல்த் போட்டிகளுக்காகப் புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டு வளாகம் கட்டப்பட்டது. ஏறத்தாழ 87,000 பேர் அமரக்கூடிய அதன் முதன்மை அரங்கம், தென்கிழக்காசியாவின் மிகப் பெரிய அரங்கங்களுள் ஒன்று.

அந்த வட்டாரம் ஒருகாலத்தில் ரப்பர் தோட்டம். பால் மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தோட்டத்தில் எஞ்சியிருந்த குடும்பங்கள் மாற்று வீடுகளுக்கான நிலம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடியதை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நகர நடுவில் இடம் கிடைக்காதபோது, பெரிய அரங்கங்கள் தேடிப் போவது பெரும்பாலும் தோட்ட நிலத்தைத்தான். இடத்தைப் பற்றிப் பேசும்போது, அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்தவர்களின் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

போக்குவரத்தைப் பொறுத்தவரை புக்கிட் ஜாலிலில் ஒரு நல்ல முடிவு எடுக்கப்பட்டது. அரங்கத்தோடு சேர்ந்தே ரயிலும் வந்தது. சான் சோ லினிலிருந்து தெற்கே செல்லும் எல்.ஆர்.டி. பாதை, போட்டிகளுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், 1998 ஜூலையில் திறக்கப்பட்டது. வளாகத்தின் வாசலிலேயே அமைந்த நிலையத்துக்கு அப்போது ‘கோமன்வெல்’ என்று பெயர். பின்னர் அது புக்கிட் ஜாலில் நிலையமானது.

இதன் பயனை இன்று எளிதாகப் பார்க்கலாம்:

• செந்தூலில் இருப்பவர் செந்தூல் தீமோரில் ஸ்ரீ பெட்டாலிங் தட ரயிலில் ஏறினால், வண்டி மாறாமலேயே புக்கிட் ஜாலிலில் இறங்கலாம்.

• சிரம்பான், நீலாய், காஜாங், பத்துமலை ஆகிய இடங்களிலிருந்து வருவோர் கொமுட்டரில் பண்டார் தாசேக் செலாத்தான் வந்து எல்.ஆர்.டி.க்கு மாறினால், அங்கிருந்து இரண்டாவது நிலையமே புக்கிட் ஜாலில்.

• வெளியூர்ப் பேருந்துகள் வந்து நிற்கும் டி.பி.எஸ். முனையமும் அதே பண்டார் தாசேக் செலாத்தானில்தான் உள்ளது.

• கிள்ளானிலிருந்து வருவோர் கொமுட்டரில் சுபாங் ஜெயா வந்து, கிளானா ஜெயா எல்.ஆர்.டி.யில் புத்ரா ஹைட்ஸ் போய், அங்கிருந்து ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில் வரலாம். இரண்டு முறை வண்டி மாற வேண்டும். 2016இல் புத்ரா ஹைட்ஸ் இணைப்பு திறக்கும்வரை இந்த வழி இருந்ததில்லை.

2018 ஜனவரி 6ஆம் நாள் ரஜினிகாந்த், கமல்ஹாசன் உள்ளிட்டோர் கலந்துகொண்ட நட்சத்திர விழா நடந்ததும் இதே அரங்கத்தில்தான். காற்பந்துக்குப் போகாத குடும்பங்களுக்கும் அரங்கத்தின் இடம் முக்கியம் என்பதை அத்தகைய கலை நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

ரயில் இல்லாமல் நின்ற அரங்கங்கள்

1994இல் திறக்கப்பட்ட ஷா ஆலம் அரங்கம் சுமார் 80,000 பேர் அமரக்கூடியது. நெடுஞ்சாலைகளை நம்பியே அது கட்டப்பட்டது. நடந்துபோகும் தூரத்தில் ஒரு ரயில் நிலையம் கூட அமையவில்லை. சிலாங்கூர் ஆட்ட நாட்களில் சாலையோரம் முழுக்கக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் நிற்கும். பழைய அரங்கம் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் புதிய வளாகம் எழுகிறது. பண்டார் உத்தாமாவிலிருந்து கிள்ளான் வழியாக ஜொஹான் செத்தியா வரை செல்லும் ஷா ஆலம் எல்.ஆர்.டி. தடத்தில், அரங்கத்தின் பெயரிலேயே ஒரு நிலையம் இடம்பெற்றுள்ளது. கிள்ளான் வட்டாரத் தமிழர்களுக்கு இது பெரிய மாற்றமாக இருக்கும்.

பினாங்கில் 2000ஆம் ஆண்டு சுக்மா போட்டிகளுக்காகப் பெருநிலத்தின் பத்து காவானில் 40,000 பேருக்கான அரங்கம் கட்டப்பட்டது. அதுவும் தோட்டப் பகுதிதான். ரயில் நிலையம் நடை தூரத்தில் இல்லை. பத்து காவானைத் தீவோடு இணைக்கும் இரண்டாவது பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. ஜோர்ஜ்டவுனில் உள்ள பழைய நகர அரங்கம் அளவில் சிறியது என்றாலும், மக்கள் வசிக்கும் இடத்தில் இருப்பதால் அதன் தேவை குறையவே இல்லை.

ஜொகூர் பாருவில் லார்க்கின் அரங்கம், லார்க்கின் பேருந்து முனையத்துக்கு அருகில் இருந்தது. 2020இல் இஸ்கண்டார் புத்ரியில் திறக்கப்பட்ட சுல்தான் இப்ராஹிம் அரங்கம் நவீனமானது, அழகானது. ஆனால் அதன் அருகில் ரயில் இல்லை. பேருந்தில் போய்ப் பழகியவருக்கு, புதிய அரங்கம் பழையதைவிடத் தூரமாகிவிட்டது.

சிங்கப்பூர் செய்த திருத்தம்

சிங்கப்பூரின் பழைய தேசிய விளையாட்டரங்கம் 1973இல் காலாங்கில் திறக்கப்பட்டபோது நாட்டில் பெருவிரைவு ரயிலே கிடையாது. 1989இல் காலாங் நிலையம் வந்தது. அங்கிருந்து அரங்கத்துக்குச் சற்றுத் தூரம் நடக்க வேண்டும். அரங்கத்தை இடிக்க முடிவானபோது, புதியதை வேறெங்கோ கட்டாமல் அதே இடத்தில் கட்டினார்கள். வட்டப் பாதையில் ‘ஸ்டேடியம்’ நிலையம் 2010இல் திறக்கப்பட்டது. 55,000 பேர் அமரும் புதிய அரங்கம் 2014இல் திறக்கப்பட்டபோது, ரயில் அங்கே நான்கு ஆண்டுகளாகத் தயாராக நின்றது.

ஒரே வளாகத்துக்கு இரண்டு வேறு ரயில் பாதைகளின் நிலையங்கள் இருப்பது இன்னொரு நன்மை. ஒன்றில் கோளாறு ஏற்பட்டாலும் மற்றொன்றுக்கு நடந்து போகலாம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

87,000 பேரும் மூவருக்கு ஒரு கார் என்று வந்தால் 29,000 கார்கள் வேண்டும். நிறுத்தும் இடமும் உள்ளே போய்வரும் வழியும் சேர்த்து ஒரு காருக்குக் குறைந்தது 25 சதுர மீட்டர் என்று வைத்தால், மொத்தம் 72 ஹெக்டருக்கு மேல் தேவை. அது சுமார் 100 காற்பந்துத் திடல்களின் பரப்பு. ஆண்டில் சில இரவுகளுக்கு மட்டும் நிரம்பும் அந்த நிலம், மற்ற நாட்களில் வெறும் தாராகக் கிடக்கும். வீடோ பள்ளியோ கட்டக்கூடிய நிலம் அது.

ரயிலின் கணக்கு வேறு. ஒரு வண்டியில் 1,000 பேர் ஏறுகிறார்கள், 3 நிமிடத்துக்கு ஒரு வண்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு திசையில் மணிக்கு 20,000 பேர், இரு திசைகளிலும் சேர்த்து 40,000 பேர் போகலாம். கூட்டத்தில் பாதிப் பேர் ரயிலில் வந்திருந்தால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அவர்களை அனுப்பிவிடலாம். ஒரே ஒரு தடம் இருந்தால் எல்லாரையும் அனுப்ப முடியாது என்பதும் இதே கணக்கிலிருந்து தெரிகிறது. ஆகவே ரயிலோடு பேருந்தும் வேண்டும்.

எவ்வளவு அருகில்?

ரயில் நிலையத்துக்கு ஒருவர் சலிக்காமல் நடக்கும் தூரம் சுமார் 800 மீட்டர், அதாவது 10 நிமிடம் என்பது நகரத் திட்டமிடுவோரின் பொதுவான அளவுகோல். அரங்கம் அந்த வட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

அதற்காக வாயிலும் நடைமேடையும் ஒட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. அரங்கத்திலிருந்து பாயும் கூட்டம் நேராகப் படிக்கட்டில் போய் முட்டினால் ஆபத்து. 1971 ஜனவரி 2ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஐப்ராக்ஸ் அரங்கத்தில் ஆட்டம் முடிந்து வெளியேறியவர்கள் ஒரு படிக்கட்டில் நெரிசலில் சிக்கி 66 பேர் இறந்தனர். எனவே நிலையத்துக்கும் வாயிலுக்கும் இடையில் சில நூறு மீட்டர் நீளத்துக்கு அகலமான நடைபாதை இருப்பது நல்லது. நடக்க நடக்கக் கூட்டம் தானாகவே தளரும். லண்டனின் வெம்பிளி அரங்கத்துக்கும் வெம்பிளி பார்க் நிலையத்துக்கும் இடையில் உள்ள அகன்ற நடைவழி இதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு. நம் ஊர் மழைக்கு அந்தப் பாதைக்குக் கூரையும் வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் திரும்பும் பிள்ளைகள்

இது வசதியைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று. மலேசியச் சாலைகளில் வழக்கமான ஓர் ஆண்டில் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். அவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ரயிலோ பேருந்தோ இல்லாத அரங்கத்துக்குத் தோட்டத்துப் பிள்ளைகளும் அடுக்குமாடிப் பிள்ளைகளும் எதில் போவார்கள் என்பது பெற்றோருக்குத் தெரியும். நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில், லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையில் அவர்கள் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

பெரிய நிகழ்ச்சி நாட்களில் எல்.ஆர்.டி. சேவை நேரம் நீட்டிக்கப்படுவது வழக்கம். ஆனால் எல்.ஆர்.டி. நீண்டாலும், அதிலிருந்து மாற வேண்டிய கொமுட்டரும், நிலையத்திலிருந்து தாமானுக்குப் போகும் பேருந்தும் ஓடாவிட்டால் பயன் பாதிதான். நிகழ்ச்சிக்குப் புறப்படும் முன் திரும்பும் வழியின் கடைசி வண்டி நேரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மக்கள் எங்கே பேசலாம்?

அரங்கம் எழுந்த பிறகு குறை சொல்லிப் பயனில்லை. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஊராட்சி மன்றங்கள் தங்கள் வட்டாரத் திட்ட வரைவைப் பொதுமக்களின் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபமோ யோசனையோ உள்ளவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். புதிய ரயில் தடங்களுக்கான திட்டங்களும் மூன்று மாத காலம் பொதுப் பார்வைக்கு வைக்கப்படுகின்றன.

அப்படி ஒரு வரைபடம் வைக்கப்படும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இவை: அருகிலுள்ள நிலையம் எத்தனை மீட்டர்? அது அரங்கம் திறக்கும் நாளிலேயே திறக்குமா, பத்து ஆண்டுகள் கழித்தா? இரவு 11 மணிக்குப் பிறகு எந்த வண்டி ஓடும்? அந்த நிலத்தில் இப்போது வாழ்பவர்கள் யார், அவர்களுக்கு வீடு எங்கே? கோயில் நிர்வாகமும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும், வட்டாரக் காற்பந்துக் குழுவும் ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தால் அந்தக் கேள்விகள் பதிவாகும்.